சென்னை அடுக்ககத்தில் முதல் கடல்நீர்த் தொட்டி: எங்கிருந்து தொடங்குவது?

மாடிவீட்டுமீன் எழுதியது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறோம். எட்டு ஆண்டுகளாக, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில் முதலில் தங்கமீன்களையும் பின்னர் ஏஞ்சல் மீன்களையும் வளர்த்து வந்தேன். இப்போது தொட்டி காலியாக இருப்பதால், கோமாளி மீன் வேண்டும் என்று மகள் நெடுநாளாகக் கேட்டு வருவதை நிறைவேற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கொளத்தூரில் விசாரித்தபோது கடைக்காரர் ஒருவர், உப்பும் "லைவ் ராக்" எனப்படும் உயிர்ப்பாறையும் தாமே தருவதாகவும், தண்ணீர் தெளிந்து ஒரு வாரத்தில் மீனை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். எளிதாக இருக்கிறதே என்ற மகிழ்ச்சியைவிட ஐயமே மிகுந்ததால் இங்கு எழுதுகிறேன். பழைய தொட்டியையே பயன்படுத்தலாமா? நீலாங்கரைக் கடற்கரை இவ்வளவு அருகில் இருக்கும்போது உப்பை விலை கொடுத்து வாங்குவது தேவைதானா? ஒரு வாரத்தில் மீன் விடலாம் என்பது சரியா? கடைசியாக, எங்கள் வீட்டில் படுக்கையறையில் மட்டுமே ஏ.சி. உள்ளது, தொட்டி கூடத்தில்தான் இருக்கும். கோடையில் அது தாங்குமா?

உப்புக்கணக்கு எழுதியது:

நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் கடல்நீர்த் தொட்டி நிலைக்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பம்தான். கோமாளி மீனுக்கு நீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. 28 வரை பொறுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில் ஏ.சி. இல்லாத கூடம் மாலையிலும் 34 டிகிரியில் நிற்கும்; பம்புகளும் விளக்கும் தம் பங்குக்கு அதற்கு மேல் கூட்டும். சூடு ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பது நீங்கள் நன்னீரிலேயே பார்த்திருப்பீர்கள். கடல்நீரோ, அதே வெப்பநிலையில் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தாங்கும். எனவே தங்கமீன் மூச்சு வாங்கிக்கொண்டாவது பிழைத்துவிடும் வெயிலில் இங்கே ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடக்கூடும்.

நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைப்பது பலர் சொல்லும் வழி. நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும் என்பது உண்மைதான். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊர்ப் புழுக்கத்தில் 2 டிகிரி குறைந்தாலே பெரிது. ஆகவே சில்லர் எனப்படும், நீரைக் குளிர்விக்கும் கருவி வேண்டும். மீன், தொட்டி, மணல் மூன்றையும் சேர்த்தாலும் அதன் விலைக்கு ஈடாகாது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் இழுக்கும் சிறிய சில்லர் நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாத மின்கணக்கில் 120 யூனிட். பம்பும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் சேர்ந்து 40 வாட் என்று வைத்தால், அவை இடைவிடாமல் ஓடுவதால் இன்னும் ஏறக்குறைய 60 யூனிட் சேரும். உங்கள் வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 400-ஐ நெருங்குவதாக இருந்தால், 500-ஐத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. சில்லரை அழகு கருதி தொட்டியின் கீழுள்ள மர அலமாரிக்குள் பூட்டிவைத்து, அது வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி மறுபடி உறிஞ்சி, இரவு பகலாக ஓடியும் நீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நான் இரண்டு வாரம் விழித்திருக்கிறேன். காற்று வந்து போகும் இடத்தில் அதை வையுங்கள்.

பழைய தொட்டியைப் பற்றி முடிவெடுக்கும் முன் நீங்கள் ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் வெண்புள்ளி நோய்க்கோ நத்தைகளை ஒழிப்பதற்கோ தாமிரம் கலந்த மருந்து எதையாவது அதில் விட்டிருக்கிறீர்களா? தாமிரம் சிலிக்கான் பசையிலும் அடியிலிட்ட கல்லிலும் தங்கிப் பின்னர் சிறிது சிறிதாக வெளிவரும். மீன் அதைத் தாங்கலாம். பாசியைத் தின்று தொட்டியைத் தூய்மையாக வைக்கும் நத்தையும் இறாலும் தாங்கா. ஐயமிருந்தால் புதுத் தொட்டி வாங்கிவிட்டு, பழையதை நோய் பார்க்கும் தனித்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் குறைந்தது நான்கு வாரம் தனியே வைத்துக் கவனிப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். கடல்மீன்களின் வெண்புள்ளிக்கு அங்கேதான் தாமிர மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பழைய தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நன்னீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியை மட்டும் கடல்நீருக்குக் கொண்டுவர வேண்டாம். உப்புப் பொரிந்து ஓராண்டில் துரு தின்றுவிடும். நீங்கள் சொல்லும் அளவுத் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் ஏறத்தாழ 190 லிட்டர். கண்ணாடி, பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும். கூடத்தின் நடுவிலும் பால்கனியிலும் வைக்காமல், கீழே உத்திரம் செல்லும் சுவரை ஒட்டி வையுங்கள்.

நீலாங்கரை நீரை நான் எடுக்க மாட்டேன். அலை உடையும் இடத்தில் மணலும் கழிவும் எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும்; வடக்கே அடையாற்று முகத்துவாரமும் தெற்கே முட்டுக்காடும் இருப்பதை மறக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்று நீர் கலந்து, ஆயிரத்துக்கு 35 என்று இருக்க வேண்டிய உவர்ப்பு 30-க்கும் கீழே இறங்கிவிடும். தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பே நிம்மதி. சமையல் உப்பு அதற்கு மாற்றாகாது, ஏனெனில் கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும், 1,300-ஐ ஒட்டி மெக்னீசியமும் இருக்கின்றன. அவை இல்லாத நீர் வெறும் உப்புத் தண்ணீர்தான். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் என்று கொண்டால், 150 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோ ஆகும். தனி வாளியில் பம்பு வைத்து ஓர் இரவு கலக்கிய பிறகே அளந்து பாருங்கள். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகுவதைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் கருவி) வாங்குங்கள். ஆடும் முள் உள்ள மலிவுக் கருவியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலும் கணக்குப் பிசகும்.

உப்பைக் கலக்கும் நன்னீர்தான் இங்கே பலரும் கோட்டைவிடும் இடம். வீட்டு ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, பெரும்பாலும் பூச்சியமாக இருக்காது. சுவைக்காக அதில் ஒரு திருகு வழியாகச் சிறிது சுத்திகரிக்காத தண்ணீரையோ தாதுக்களையோ திரும்பக் கலக்கிறார்கள். கேன் தண்ணீருக்கும் இதே கதைதான். சவ்வைக் கடந்து வரும் நீரை அந்தக் கலப்புக்கு முன்னதாகவே பிரித்தெடுத்து, எஞ்சிய தாதுக்களைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றின் வழியாகச் செலுத்தினால் பூச்சியம் வரும். இதைச் செய்யாவிட்டால் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து, பழுப்பும் பச்சையுமாகப் பாசி கண்ணாடியை மூடிவிடும்.

ஒரு வாரத்தில் மீன் விடலாம் என்பது தவறு. தண்ணீர் தெளிவது வேறு, தொட்டி பக்குவப்படுவது வேறு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதே சுழற்சியை நன்னீரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே பி.எச். 7-ஐ ஒட்டி இருந்ததால் அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவில் இருந்தது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நஞ்சான வடிவின் பங்கு அதைவிடப் பத்து மடங்குக்கு மேலாகிவிடும். மீன் இல்லாமல் அமோனியம் குளோரைடைச் சிறிதளவு விட்டு, சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருங்கள். மகளிடம் அந்தக் குப்பிகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டால், காத்திருப்பு அவருக்கும் சலிப்பாக இராது.

வாடைக்காற்று எழுதியது:

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவன். மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றுள் கடல்நீரைப் பற்றியதில் மட்டும் சிறிய மாறுபாடு உண்டு. கரைநீர் வேண்டாம் என்பது சரி. ஆனால் கரையை விட்டு விலகி, படகில் போகிறவர்கள் கலங்கலில்லாத நாளில் முகந்து வரும் நீரை மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்து, வடிகட்டி, உவர்ப்பைச் சரிபார்த்துப் பயன்படுத்துவது எங்கள் பக்கம் வழக்கம். நான் அப்படித்தான் செய்கிறேன். மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு மாதந்தோறும் அப்படி ஒரு படகைத் தேடுவது நடக்கிற காரியமல்ல என்பதால், உங்களுக்கு உப்புதான் பொருந்தும்.

நான் எழுத வந்தது அந்த உயிர்ப்பாறையைப் பற்றி. அந்தப் பெயரில் விற்கப்படுவது பல நேரங்களில் கடலுக்கடியிலிருந்து உடைத்தெடுத்த பவளப்பாறைதான். பாறையை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. கடற்குதிரையும் கடல் அட்டையும் அவ்வாறே. எடுப்பது மட்டுமன்றி, வாங்குவதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். கடைக்காரர் "இது செத்த பவளம்தானே" என்று சொல்வதால் சட்டம் தளர்ந்துவிடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது; அவற்றுள் இரண்டு தீவுகள் பின்னர் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அந்த மூழ்கலில் பெரும் பங்கு உண்டு. எங்கள் மீனவர்கள் "பார்" என்று சொல்லும் அந்தப் பாறைத்திட்டுகளில்தான் மீன் அடைகிறது. பார் அழிந்த இடத்தில் வலை வெறுமையாகத்தான் வரும். இது எனக்குச் சொந்த விஷயம் என்பதால் சற்றுக் கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட மண்ணாலும் சிமெண்டாலும் துளைகளோடு செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு வேண்டியது துளையுள்ள பரப்புதானே தவிர, அது பவளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிமெண்டில் செய்ததென்றால் மட்டும், காரம் கரைந்து வெளியேறும்வரை பல வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பி.எச். ஏறாமல் நிற்பதைப் பார்த்த பிறகு தொட்டியில் வையுங்கள். கடற்கரை மணலை அள்ளி வந்து போடவும் வேண்டாம். அதில் கலந்துவரும் கருமணல் காந்தத்தில் ஒட்டும் தன்மையுடையது, பம்பின் காந்தச் சுழலியில் போய் அப்பிக்கொள்ளும்.

கோமாளி மீனை வாங்கும்போது, பிடித்ததா, வளர்த்ததா என்று தவறாமல் கேளுங்கள். இந்த மீனை இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி நெடுங்காலமாகிறது. மண்டபத்தில் அதன் மையமும் இருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தீவனத்தைத் தயங்காமல் தின்னும், சிறிய தொட்டிக்கும் பழகியிருக்கும். ஜோடி சேர்ப்பதும் எளிது: எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆணாகவே வளர்கின்றன, இரண்டு சிறு மீன்களை ஒன்றாக விட்டால் அவற்றுள் மிஞ்சி நிற்பது பெண்ணாக மாறிவிடும். கடலில் கோமாளி மீன் அடைக்கலம் புகும் கடல் தாமரையை (சீ அனிமோன்) முதலாண்டில் வாங்க வேண்டாம். அது இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும். ஆனால் கடல் தாமரை புதுத் தொட்டியில் வாழாது. மகள் நீலநிற டாங் மீனையும் கேட்கக்கூடும். அது ஓரடி நீளம் வரை வளரும். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை.

கசிவுநீர் எழுதியது:

இருவரும் எழுதாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தொட்டிக்குக் கீழே சம்ப் (பம்பும் வடிகட்டியும் வைக்கும் துணைத்தொட்டி) வைப்பதாக இருந்தால், மின்சாரம் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை எண்ணித் திட்டமிடுங்கள். மேலேற்றும் பம்பு நின்றவுடன், அதன் குழாயின் வாய் தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்தால், நீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கும். குழாய் வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. முதல் மாதத்தில் எங்கள் பகுதியில் நள்ளிரவில் மின்சாரம் போனபோது, முப்பது லிட்டருக்கு மேல் கடல்நீர் கூடத்தில் பரவி, கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கறையாக வெளிப்பட்டது. அவர் இன்றும் என்னோடு அளந்துதான் பேசுகிறார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால், காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். சம்ப்பிலும் அந்த அளவு நீரைத் தாங்கும் வெற்றிடம் எப்போதும் இருக்கட்டும். மீன் விடுவதற்கு முன்பு, பகலில், நீங்களே மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

நீண்ட மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் சில்லரை ஓட்ட முயலாதீர்கள்; ஐந்தாறு வாட் காற்று பம்பு ஒன்றை மட்டும் அதில் இணைத்தால் இரவு முழுவதும் ஓடும். கடல்நீர் மின்சாரத்தை நன்னீரைவிடப் பல மடங்கு எளிதாகக் கடத்தும் என்பதால், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இல்லாமல் தொட்டியைத் தொடங்கவே வேண்டாம். வடங்கள் பிளக்குக்கு ஏறுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து போகட்டும். வடத்தில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மாடிவீட்டுமீன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய சீட்டுகளைப் புரட்டியதில், நான்கு ஆண்டுகளுக்கு முன் நத்தைத் தொல்லைக்காக வாங்கிய மருந்தில் தாமிரம் இருந்தது தெரிந்தது. எனவே அந்தத் தொட்டி தனித்தொட்டியாகவே இருக்கும். மின்கணக்கை வீட்டில் பேசிவிட்டேன். ஏப்ரல், மே மாதங்களைக் கடந்த பிறகு ஜூனில் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. கொளத்தூர்க் கடைக்காரரிடம் பாறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று படித்தேன். அதற்காக நாள்தோறும் ஆர்.ஓ. நீரை எடுத்தால், மூன்று பங்கு நீர் வீணாக வெளியேறுகிறது. படுக்கையறை ஏ.சி.யிலிருந்து இரவில் ஒரு வாளி நீர் சொட்டுகிறது. அளந்து பார்த்தேன், டி.டி.எஸ். வெறும் 9. அதையே ஊற்றலாமா?

உப்புக்கணக்கு எழுதியது:

வேண்டாம். உப்பில்லாத நீர் என்று நீங்கள் படித்தது சரிதான். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆனால் ஏ.சி. நீர் செம்புக் குழாய்களின் மீதும் அலுமினியத் தகடுகளின் மீதும் படிந்து, தூசியையும் கழுவிக்கொண்டு வடிகிறது. டி.டி.எஸ். கருவி கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டுமே தவிர, அது என்னவென்று சொல்லாது. அந்த 9-இல் சிறு பங்கு தாமிரமாக இருந்தாலும், நாளுக்கு இரண்டு லிட்டர் என்று ஊற்ற ஊற்ற அது எங்கும் ஆவியாகிப் போகாமல் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பழைய தொட்டியைத் தாமிரத்துக்காக ஒதுக்கிவிட்டு, புதுத் தொட்டிக்கு அதையே வாளியில் கொண்டுவந்தது போலாகிவிடும்.

ஆர்.ஓ. கழிவுநீர் உங்களுக்கு உறுத்துவது நியாயமே. எங்கள் வீட்டில் அது ஒரு பீப்பாய்க்குப் போய், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுகிறது. ஏ.சி. நீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் எண்ணமும் வரும்; அதற்கும் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரே சரி. அந்த வாளி நீர் செடிகளுக்குப் போகட்டும். ஜூனில் முதன்முதலாக உப்பைக் கலக்கும் நாளில் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் எண்ணை இங்கே எழுதுங்கள். கருவியை வெறும் நன்னீரில் மட்டுமன்றி, 35 என்று குறித்து விற்கும் அளவுக் கரைசலிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.